நீயும் நீங்களும்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று காலை கல்லூரி வாசலில் வந்து இறங்கினேன். வாட்ச்மேன் எழுந்து நின்று, "வாங்க சார்" என்றார். பதிவு மேஜையில் இருந்த மாணவி, "ஐயா, பேட்ஜ் குத்திக்கோங்க" என்றார். நமக்கும் வயசாகிப்போச்சு, மரியாதை வந்துருச்சு என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். அதற்குள் வேப்பமரத்தடியிலிருந்து ஒரு சத்தம்: "ஏலே சோளத்தட்ட! இன்னும் இருக்கியாலே நீ?"

அந்தக் காலத்தில் நான் ஒல்லியாக, நெட்டையாக இருப்பேன். அதனால் விடுதியில் வைத்த பேர் சோளத்தட்டை. ஐம்பது வருஷம் கழித்து அந்தப் பேரைக் கேட்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நானும், "இருக்கேன்லே மொச்சக்கொட்ட" என்று திருப்பிக் கொடுத்தேன். இப்போது மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறாரே, அவர்தான்.

இதே "ஏலே"யை நான் சின்ன வயதில் இன்னொருவரிடம் சொல்லியிருக்கிறேன். அது அவரிடமிருந்து திரும்பி வரவே இல்லை. அதைச் சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன். நடுவில் கொஞ்சம் பிரெஞ்சு வரும். பயப்பட வேண்டாம், பரீட்சை கிடையாது!

நான் நாகலாபுரத்துக்காரன். எங்களுக்குக் கொஞ்சம் கரிசல்காடு உண்டு. பருத்தி, கம்பு, உளுந்து, மிளகாய் போடுவோம். மழை பெய்தால் விவசாயி, பெய்யாவிட்டால் கடன்காரன். இந்தக் கல்லூரியில் பட்டம் வாங்கிக்கொண்டு, வேலை தேடிப் புதுச்சேரிக்குப் போனேன். அங்கே ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டே, சாயங்காலத்தில் அலியான்ஸ் பிரான்சேஸில் பிரெஞ்சு படித்தேன். 1889-இல் தொடங்கிய பழைய நிறுவனம் அது. கடைசியில் அந்தப் பிரெஞ்சுதான் எனக்குச் சோறு போட்டது. சென்னையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு முப்பது வருஷம் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றேன். "கரிசக்காட்டுக்காரனுக்கு எதுக்குய்யா பிரெஞ்சு?" என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. அதற்கும் இன்றைக்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

முதல் நாள் வகுப்பு. எங்களுக்குப் பாடம் எடுத்தவர் புதுச்சேரித் தமிழ்ப் பெண்மணி. அவரை எல்லாரும் "மதாம்" என்போம். பிரெஞ்சில் "நீ" என்பதற்கு "த்யூ", "நீங்கள்" என்பதற்கு "வூ". புத்தகத்தில் முதலில் இருந்தது "த்யூ". நான் அதையே மனப்பாடம் செய்துகொண்டு போய், மதாமிடம் "நீ எப்படி இருக்கிறாய்?" என்று பிரெஞ்சில் கேட்டுவிட்டேன். வகுப்பே சிரித்தது. அவர் கோபப்படவில்லை. தமிழிலேயே சொன்னார்: "தம்பி, பிரெஞ்சுக்காரங்க கடவுளை நீன்னு சொல்லுவாங்க, குழந்தையை நீன்னு சொல்லுவாங்க, நாயை நீன்னு சொல்லுவாங்க. இதுல நான் எது?"

அன்றைக்கு ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன். நம்ம தமிழும் அப்படித்தானே? முருகனை "நீ" என்கிறோம், குழந்தையையும் "நீ" என்கிறோம். எங்க வீட்டில் அம்மாவை "நீ", அப்பாவை "நீங்க". எத்தனையோ வீடுகளில் கணவன் மனைவியை "நீ" என்பார், மனைவி கணவனை "நீங்க" என்பார். யாரும் நமக்கு இதை வகுப்பு வைத்துச் சொல்லித்தரவில்லை. தாய்ப்பாலோடு குடித்துவிட்டோம்.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. "வூ" என்பது பன்மை. ஒருவரைப் பலராக நினைத்துப் பேசினால் அது மரியாதை. நமக்கும் அதே கதைதான். "நீர்" என்பது முதலில் பன்மைதான். பிறகு அது ஒருவருக்கு மரியாதை காட்டும் சொல்லாயிற்று. அந்த மரியாதையும் காலப்போக்கில் தேய்ந்துபோனது. அதனால் பன்மை விகுதி ஏறிய "நீங்கள்" என்ற சொல்லை மரியாதைக்கு எடுத்துக்கொண்டோம். நம்ம பக்கத்தில் அந்தப் பழைய "நீரு" இன்னும் சாகவில்லை. "என்னவே, நீரு எப்ப வந்தீரு?" என்று கேட்டால் அது நீயும் இல்லை, நீங்களும் இல்லை, நடுவாந்தரம். பிரெஞ்சுக்காரனுக்கு இரண்டு படி, நமக்கு மூன்று படி.

பிரெஞ்சில் எனக்கு ரொம்பப் பிடித்தது உறவுச் சொற்கள். நாம் அத்தை, மாமா, சித்தப்பா, பெரியப்பா, மதினி, கொழுந்தியாள் என்று உறவைப் பிரித்துப் பிரித்துப் பேர் வைத்திருக்கிறோம். அவர்களுக்கு அப்பாவின் தம்பியும் அம்மாவின் அண்ணனும் ஒரே "ஓங்க்ள்"தான். ஆனால் சில சொற்களைப் பிரித்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். "கிரான் மேர்" என்பதை அப்படியே தமிழாக்கினால் "பெரிய அம்மா". ஆனால் அது பெரியம்மா இல்லை, பாட்டி. "பெத்தி ஃபிஸ்" என்றால் "சின்ன மகன்". அது பேரன். மாமியாருக்கு என்ன பேர் தெரியுமா? "பெல் மேர்", அதாவது "அழகான அம்மா"! (சிரிப்பு) ஒரு காலத்தில் மரியாதைக்காக ஒட்டிக்கொண்ட "அழகான" அது. இங்கே உட்கார்ந்திருக்கும் மருமகள்கள் யாராவது வீட்டில் போய்ச் சோதித்துப் பாருங்கள்.

குழந்தையைக் கொஞ்ச நாம் "ராசா", "தங்கம்" என்போம். அவர்கள் "என் சின்ன முட்டைக்கோசே" என்பார்கள். "என் தெள்ளுப்பூச்சியே" என்றும் கொஞ்சுவார்கள். சிரிக்க வேண்டாம். நம்ம ஆச்சிமார் "ஏ மூதி" என்று பேரப்பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொள்வதை வெளியூர்க்காரன் பார்த்தால் அவனும் திகைக்கத்தான் செய்வான். பிரசவம் பார்க்கும் பெண்ணுக்கு அவர்கள் மொழியில் பேர் "சாழ் ஃபாம்", அதாவது "விவரம் தெரிந்த பெண்". எங்க ஊரில் எங்களையெல்லாம் கையில் ஏந்தி எடுத்த மருத்துவச்சியை, வளர்ந்த பிறகு நாங்கள் பேர் சொல்லி, "வா, போ" என்றுதான் கூப்பிட்டோம். இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று.

"மிசியே" என்ற சொல் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். அதைப் பிரித்தால் "என் எசமானே" என்று பொருள். "மதாம்" என்றால் "என் எசமானியே". ஒரு காலத்தில் பெரிய இடத்துக்காரர்களுக்கு மட்டும் உரிய சொற்கள். 1789-இல் புரட்சி வந்தது. மன்னராட்சி ஒழிந்த பிறகு இந்தச் சொற்களின் மேலேயும் கை வைத்தார்கள். மிசியே வேண்டாம், மதாம் வேண்டாம், எல்லாரும் "குடிமகன்", "குடிமகள்" என்றார்கள். 1793-இல், அரசு அலுவலகங்களில் யாரும் யாரையும் "வூ" போடக்கூடாது, எல்லாருக்கும் "த்யூ"தான் என்றார்கள். சமத்துவம் வந்துவிட்டதே!

நிலைத்ததா? நிலைக்கவில்லை. சில வருஷத்திலேயே "வூ" திரும்பி வந்தது, மிசியேயும் திரும்பி வந்தார். ஆனால் போன மாதிரி வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அந்த "என் எசமானே" எல்லாருக்கும் பொதுவாகிவிட்டது. இன்றைக்குப் பாரிஸில் ஒரு பேருந்து ஓட்டுநரைக் கூப்பிட்டாலும் மிசியேதான், குப்பை அள்ளுகிறவரைக் கூப்பிட்டாலும் மிசியேதான். எல்லாரையும் "நீ"க்கு இறக்கிப் பார்த்த சட்டம் தோற்றது. எல்லாரையும் "எசமான்" ஆக்கிய பழக்கம் ஜெயித்தது. நான் இத்தனை வருஷம் பிரெஞ்சு படித்துத் தெரிந்துகொண்டதில் பெரிய பாடம் இதுதான்.

அப்படியானால் பிரெஞ்சுக்காரர்கள் உத்தமர்களா என்றால், அதுவும் இல்லை. புதுச்சேரியைப் போய்ப் பாருங்கள். கடற்கரைப் பக்கம் வெள்ளை நகரம், வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் கறுப்பு நகரம் என்றே அவர்கள் பேர் வைத்திருந்தார்கள். 1736 தொடங்கி நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை வெள்ளைக்காரர்களை "முசே" என்றும் "மதாம்" என்றும் எழுதுகிறார். அந்த அடைமொழி யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பது அந்தக் காலத்து ஊருக்கே தெரியும்.

1873-இல் பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வழக்கறிஞர் காலில் ஷூ போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் போனார். இந்திய உடை உடுத்தியவர் ஐரோப்பியச் செருப்போடு வரக்கூடாது என்று தடுத்துவிட்டார்கள். அவர் விடவில்லை. பாரிஸ் வரைக்கும் வழக்கைக் கொண்டுபோய் ஜெயித்தார். பிறகு 1881-இல் ஓர் ஆணை வந்தது. தங்கள் பழைய வழக்காறுகளை விட்டுவிட்டுப் பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்துக்குள் வர விரும்புகிறவர்கள் பதிவு செய்துகொள்ளலாம், ஒரு குடும்பப் பேரும் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். இவர்களுக்கு "ரெனோன்சான்" என்று பேர். "துறந்தவர்" என்று பொருள். நம்ம ஊரில் துறந்தவர் என்றால் சாமியார். அங்கே அது ஒரு சட்டப் பேர். பொன்னுத்தம்பி தனக்கு வைத்துக்கொண்ட குடும்பப் பேர் "லாபோர்த்". அதற்குக் "கதவு" என்று அர்த்தம். எதற்காக அப்படி வைத்தார் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு சம்பவம். 1960 ஜூன் 30 அன்று ஆப்பிரிக்காவில் காங்கோ நாடு பெல்ஜியத்திடமிருந்து விடுதலை பெற்றது. விழாவில் பெல்ஜிய மன்னரை வைத்துக்கொண்டே பிரதமர் பத்ரீஸ் லுமும்பா பேசினார். பட்ட அடி உதைகளையும் செய்த வேலைக்குக் கிடைக்காத கூலியையும் சொல்லிக்கொண்டே வந்தவர், அந்தப் பட்டியலில் இதையும் சேர்த்தார்: கறுப்பரை "த்யூ" என்றார்கள், சிநேகத்தால் அல்ல, "வூ" என்பது வெள்ளையருக்கு மட்டும் என்பதால். யோசித்துப் பாருங்கள். ஒரு நாடு விடுதலை அடைகிற நாளில், ஒரு "நீ"யும் கணக்கில் வருகிறது.

அதே 1960-இல் பிரவுன், கில்மன் என்ற இரண்டு அமெரிக்க அறிஞர்கள் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அதன் சாரத்தை நம்ம பாஷையில் சொன்னால் இவ்வளவுதான்: நான் "நீ" என்றால் நீயும் "நீ" என்று சொல்ல முடிகிறதா? முடிந்தால் அது நட்பு. முடியாவிட்டால் அது அதிகாரம். மொச்சக்கொட்டையும் நானும் சொல்லிக்கொண்ட "ஏலே" போய்த் திரும்பி வந்தது. நான் சொல்ல வந்த இன்னொரு "ஏலே" திரும்பி வரவில்லை.

இப்போது அதைச் சொல்கிறேன்.

எங்கள் காட்டில் ஒருவர் வேலை பார்த்தார். எங்கள் அப்பாவை விட மூத்தவர். ஊருக்குக் கிழக்கே, ஓடைக்கு அந்தப் பக்கம் அவருடைய வீடு. அவர் பேரை இங்கே சொல்ல மாட்டேன். அந்தப் பேரை நான் எந்த லட்சணத்தில் கூப்பிட்டேன் என்று எனக்குத் தெரியும். பத்து வயதுப் பையன் நான். வரப்பில் நின்றுகொண்டு, "ஏலே, இங்க வாலே" என்பேன். அவர், "இந்தா வந்துட்டேன் மொதலாளி" என்று ஓடி வருவார். ஒரு ஐப்பசியில் அடைமழை, ஓடையில் வெள்ளம். பள்ளிக்கூடம் விட்டு வந்த என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். கரிசல் சேறு காலை விடாது, உங்களுக்குத் தெரியும். அவர் தோளில் உட்கார்ந்துகொண்டு, அவர் தலையைப் பிடித்துக்கொண்டு நான் சொன்னது என்ன தெரியுமா? "வெரசாப் போலே."

யாரும் என்னைக் கண்டிக்கவில்லை. எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

மதாம் வகுப்புக்குப் பிறகு, 1977-இல் கோடையில் ஊருக்கு வந்தேன். அவர் களத்தில் மிளகாய் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் போய், "வாங்க, இப்படி நெழல்ல உக்காருங்க" என்றேன். அவர் நிமிர்ந்தார். சுற்றும்முற்றும் பார்த்தார். பிறகு மெதுவாக, "நான் என்ன தப்புச் செஞ்சேன் மொதலாளி? கேலி பண்ணுதீகளா?" என்றார். நான் கொடுத்த மரியாதை அவருக்கு மிரட்டலாகக் கேட்டிருக்கிறது.

ராத்திரி அப்பா என்னைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்: "நீ ரெண்டு நாள்ல புதுச்சேரிக்குப் போயிருவ. நீ சொன்ன வாங்க போங்கவுக்கு ஊர்ல எவனாவது அவனைத்தான் கேப்பான், 'உனக்கு எப்பம்ல இம்புட்டு ஏத்தம் வந்துச்சு'ன்னு. அடி அவனுக்கு விழும், உனக்கு விழாது." அப்பா சொன்னது நியாயம் இல்லை. ஆனால் பொய்யும் இல்லை.

மறுநாள் நான் என்ன செய்தேன்? தமிழில் தப்பித்துக்கொள்ள ஒரு சந்து இருக்கிறது. "வந்தாச்சா?", "சாப்பிட்டாச்சா?", "வேலை முடிஞ்சுதா?" இதில் நீயும் வராது, நீங்களும் வராது. அந்த "ஆச்சா"வுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். அதற்குப் பிறகு ஊருக்கு வரும்போதெல்லாம் அவரிடம் அப்படித்தான் பேசினேன். சில வருஷம் கழித்து அவர் இறந்துபோன செய்தி கடிதத்தில் வந்தது. அவரை வாய் நிறைய ஒரு தடவை "நீங்க" என்று சொல்ல எனக்குக் கொடுத்துவைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். தைரியம் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

நம்ம கரிசல் மண்ணிலிருந்து இரண்டு பெரியவர்களும் புதுச்சேரிக்குப் போயிருக்கிறார்கள். ஒருவர் எட்டயபுரத்துப் பாரதி. 1908-இல் போய்ப் பத்து வருஷம் இருந்தார். அவருடைய "இந்தியா" பத்திரிகை, பிரெஞ்சுப் புரட்சியின் முழக்கத்தைச் "சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்" என்று தமிழாக்கிக் குறிக்கோளாகப் போட்டுக்கொண்டது. அங்கேதான் அவர் தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்த கனகலிங்கத்துக்குப் பூணூல் போட்டுவிட்டார். பாரதியும் செய்தது அதுதான்: தன்னை இறக்கிக் காட்டவில்லை, அடுத்தவரை ஏற்றினார். இன்னொருவர் இடைசெவல் கி. ராஜநாராயணன். 1982-இல் நம்ம வட்டாரச் சொற்களுக்கு அகராதி போட்டவர். 1989-இல் புதுவைப் பல்கலைக்கழகத்துக்குப் போய், 2021-இல் அங்கேயே மறைந்தார். வாசகர்கள் எல்லாரும் அவரை "நைனா" என்றார்கள். பட்டம் பதவி எதுவும் அந்த ஒரு சொல்லுக்கு நிகரில்லை.

காலம் மாறாமல் இல்லை. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது ஸ்ரீ, ஸ்ரீமதி, குமாரி போய், திரு, திருமதி, செல்வி வந்தன. கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு மட்டும் தனியாக எதற்கு ஒரு பேர், ஆணுக்கு அப்படி இல்லையே என்று கேட்டு, பிரான்ஸ் அரசு 2012-இல் "மத்மொசேல்" என்ற சொல்லை அரசுப் படிவங்களிலிருந்து எடுத்துவிட்டது. நம்ம படிவங்களில் செல்வி இன்னும் இருக்கிறார். மாணவிகள் யோசித்துக்கொள்ளுங்கள். 2014 முதல் பிரெஞ்சுப் போலீஸ் யாரிடம் பேசினாலும் "வூ" போட்டுத்தான் பேச வேண்டும் என்று விதியிலேயே எழுதிவிட்டார்கள். 2021-இல் கேரள உயர் நீதிமன்றம், போலீசார் மக்களை "எடா", "எடீ" என்று கூப்பிடக் கூடாது என்றது. 2025 ஏப்ரலில் அப்போது முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின், "காலனி" என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். வெள்ளைக்காரன் பிடித்த நாட்டுக்கும் காலனி என்று பேர், எங்க ஊர் ஓடைக்கு அந்தப் பக்கத்துக்கும் காலனி என்று பேர். பொருத்தம்தான்!

ஆனால் ஆணை காகிதத்தை மாற்றும். வாயை நாம்தான் மாற்ற வேண்டும்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு வேலைக்குப் பிரெஞ்சு உதவும், ஜெர்மன் உதவும், படியுங்கள். ஆனால் இன்னொரு மொழியைப் படிப்பதில் இன்னொரு லாபம் இருக்கிறது. நம்ம வாயில் கிடக்கும் சொல்லை அப்போதுதான் நமக்கே எடுத்துப் பார்க்கத் தெரியும். நண்பர்களுக்குள் "ஏலே" போடுங்கள், நன்றாகப் போடுங்கள். அது திரும்பி வருகிற "ஏலே". ஆனால் டீ கொண்டுவரும் பையனுக்கும், விடுதியில் கழிவறை கழுவும் அம்மாவுக்கும், காட்டில் களையெடுக்க வருகிறவர்களுக்கும் என்ன சொல்கிறீர்கள் என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள், உங்கள் வாயை நீங்களே கவனியுங்கள். திரும்பி வராத "நீ" அதில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். எல்லாரையும் இறக்க வேண்டாம். எல்லாரையும் ஏற்றுங்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஒரு புரட்சி நடத்தித் தெரிந்துகொண்டதை நாம் சும்மாவே எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. மூன்று வருஷத்துக்கு முன்னால் கோவில்பட்டி பஸ் நிலையத்தில் ஒரு பெண் என்னிடம் வந்து, "சார், நீங்க நாகலாபுரம்தானே?" என்றார். பள்ளிக்கூட ஆசிரியை. பேசிக்கொண்டிருந்தபோது தாத்தா பேரைச் சொன்னார். அவர்தான். எனக்குப் பேச்சு வரவில்லை. பிறகு, "நீங்க எந்த ஸ்கூல்ல இருக்கீங்க? நீங்க எங்க தங்கியிருக்கீங்க?" என்று தேவைக்கு மேலேயே "நீங்க" போட்டுக் கேட்டேன். அவர் அதைக் கவனிக்கவே இல்லை. சாதாரணமாகப் பதில் சொல்லிவிட்டு, பஸ் வந்ததும், "வரேன் சார்" என்று ஏறிப் போய்விட்டார்.

அவர் கவனிக்கவில்லையே, அதுதான் எனக்குச் சந்தோஷம். அவருடைய தாத்தா சுற்றும்முற்றும் பார்த்த அந்தச் சொல், பேத்திக்குச் சாதாரணமாகிவிட்டது. ஓடைக்கு அந்தப் பக்கம் இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அது சாதாரணமாக வேண்டும். அதற்கு வாய் திறக்க வேண்டியவர்கள் நாம்தான்.